கோடையிலும் காயாத கொல்லைச் செடிகள்

கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போகும் கோடையிலும் கொல்லையில் பசுமையாக நிற்பவை சதைப்பற்றுள்ள செடிகள். இவற்றில் சோற்றுக்கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி ஆகிய மூன்றும் வீட்டில் வளர்க்க எளியவை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு செடி இருந்தால் போதும்.

"நட்டோம், அழுகிவிட்டது" என்று பலர் குறைப்படுவதுண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் அதிகத் தண்ணீரே. இச்செடிகள் தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து வைக்கின்றன. மேல்தோலிலுள்ள நுண்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கின்றன. ஆகவே பகல் வெயிலில் நீர் அதிகம் வீணாவதில்லை. வேரில் ஓயாமல் ஈரம் நின்றால் காற்றில்லாமல் வேர் அழுகும்.

மண்

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து கொள்ளவும். தொட்டியின் அடியில் துளை அவசியம். துளையின்மேல் ஓட்டுச்சில் வைக்கவும். களிமண் நிலமானால் மேட்டுப்பாத்தியில் நடவேண்டும்.

சோற்றுக்கற்றாழை

தாய்ச்செடியைச் சுற்றி முளைக்கும் பக்கக்கன்றுகளில் அரைச்சாண் உயரம் வந்தவற்றை வேருடன் பிரிக்கவும். உடனே நடாமல் 2 அல்லது 3 நாள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்தபின் 2 அடி இடைவெளியில் நடவும். சில நாள் கழித்து முதல் தண்ணீர் விடலாம். பிறகு மேல்மண் நன்கு காய்ந்த பின்பே ஊற்றவேண்டும். மடலை மட்டும் வெட்டி நட்டால் அழுகுமே தவிர வளராது.

அறுத்த மடலிலிருந்து வடியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். மடலை நிமிர்த்தி வைத்துப் பாலை வடியவிட்டு, தோல் சீவி, சோற்றைப் பலமுறை கழுவிய பிறகே பயன்படுத்தவும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உண்ணலாகாது.

பிரண்டை

மூன்று கணுவுள்ள தண்டை வெட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி வேலியோரம் நடவும். கொடி தானே பற்றி ஏறும். துவையலுக்கு இளந்தண்டே ஏற்றது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்தால் அரிக்காது. எண்ணெயில் நன்கு வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் நாக்கும் அரிக்காது.

ரணகள்ளி

இதன் முற்றிய இலை ஒன்றை ஈரமணல்மேல் வைத்தால் ஓரப் பள்ளங்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் பிரித்து நடலாம். ஆனால் ஆடுமாடுகளுக்கு இது நஞ்சு. பூ மிகவும் கெடுதல். எனவே மேய்ச்சல் நிலத்தருகே நடாதீர்கள். விழுந்த இலையெல்லாம் முளைக்குமாதலால் தொட்டியில் வளர்ப்பதே நல்லது.

மாவுப்பூச்சி கண்டால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கவும்.

ஒரு எச்சரிக்கை

கற்றாழை எளிதில் பெருகுகிறதே என்று ஏக்கர் கணக்கில் இறங்கிவிடக் கூடாது. அறுத்த மடல் விரைவில் தரம் குறையும். அருகிலேயே வாங்குபவர் உண்டா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வயலில் நடவேண்டும். முதலில் கொல்லையில் நாலு கன்று வைத்துப் பாருங்கள். செலவில்லை, வீட்டுக்கும் உதவும்.