வலை நேரத்துக்குப் போயும் குவென் ஏன் இறந்தாள்? ஸ்பைடர்மேனின் வேகம் பற்றிய ஒரு கணக்கு

1973 யூன் மாதத் திகதியுடன் வெளிவந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆவது இதழில் ஒரு பாலம் வருகிறது. கதையில் அதன் பெயர் நியூயோர்க்கின் ஜோர்ஜ் வோஷிங்ரன் பாலம். வரையப்பட்டிருப்பதோ புறூக்ளின் பாலத்தைப் போன்ற ஒன்று. அதன் கோபுர உச்சியிலிருந்து கிறீன் கொப்ளின் என்ற வில்லன், ஸ்பைடர்மேனின் காதலி குவென் ஸ்ரேசியைக் கீழே விழுத்துகிறான். ஸ்பைடர்மேன் உடனே வலையை வீசுகிறான். அவள் நீரைத் தொடுவதற்கு முன்பே வலை அவளது கால்களைப் பற்றிக்கொள்கிறது. காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமிதத்தோடு அவன் அவளை மேலே இழுக்கிறான். கைக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் உயிர் இல்லை.

கதையை எழுதியவர் ஜெரி கொன்வே. வரைந்தவர் கில் கேன். அதுவரை அமெரிக்கச் சித்திரக்கதைகளில் நாயகன் உரிய நேரத்துக்கு வந்தால் அவனது காதலி பிழைத்துவிடுவாள் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. அது இங்கே முறிந்தது. சித்திரக்கதை வரலாற்றை எழுதுபவர்கள் பலர், ஒரு காலகட்டம் இந்த இதழோடு முடிந்ததாகவே குறிப்பிடுகிறார்கள்.

ஸ்பைடர்மேன் பிந்தவில்லை. வலையும் குறி தவறவில்லை. அப்படியென்றால் எது பிழைத்தது? இதற்குப் பதில் சொல்வதற்கு, அவனது வேகம் என்பது உண்மையில் என்ன என்று முதலில் பார்க்கவேண்டும்.

இரண்டு வேகங்கள்

ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றியது 1962 ஓகஸ்ட் திகதியிட்ட ‘அமேசிங் பன்ரசி’ 15ஆவது இதழில். ஸ்ரான் லீயும் ஸ்ரீவ் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம். கதிரியக்கம் ஏறிய சிலந்தி ஒன்று கடித்ததால் பீற்றர் பார்க்கர் என்ற பாடசாலை மாணவனுக்குச் சிலந்தியின் ஆற்றல்கள் வருகின்றன. சண்டையில் அவனைக் காப்பாற்றுபவை இரண்டு. ஒன்று, ஆபத்து வருவதற்கு முன்பே அவனது தலைக்குள் எழும் எச்சரிக்கை உணர்வு. மற்றையது, அந்த எச்சரிக்கைக்கு ஏற்ப நொடிப்பொழுதில் அசையக்கூடிய உடல்.

வாசகர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் வியக்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலாவதுதான் பெரிய ஆயுதம்.

சாதாரண மனிதர் ஒருவர் வெளிச்சம் ஒன்றைக் கண்டு பொத்தானை அழுத்துவதற்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி செக்கன் எடுக்கும். அதாவது கால் செக்கன். எமது நரம்புகளில் மிக வேகமானவற்றில் கணத்தாக்கம் செக்கனுக்கு 120 மீற்றர் வரை ஓடுகிறது. ஆகவே காலிலிருந்து மூளைக்குச் செய்தி போவதற்கு மிகச் சிறிய நேரமே போதும். கால் செக்கனின் பெரும்பகுதி மூளைக்குள்தான் செலவாகிறது. பார்த்தது என்ன, செய்யவேண்டியது என்ன என்று அது தீர்மானிக்கவேண்டும்.

மூளையைக் கேட்காமல் முண்ணாண் வழியாகவே முடிந்துவிடும் தெறிவினைகள் இதைவிட வேகமானவை. சூடான சட்டியில் பட்ட கை தானாக விலகுவது இப்படித்தான். ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. தெறிவினைக்கு ஒன்றிரண்டு அசைவுகள்தான் தெரியும். எதிரியின் குத்து எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அது யோசிக்காது.

துடுப்பாட்ட வீரரின் ரகசியம்

மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்துக்கு, பந்துவீசும் கோட்டிலிருந்து துடுப்பாட்டக் கோட்டுக்கு வர அரைச் செக்கன்கூட ஆகாது. பார்த்து, தீர்மானித்து, துடுப்பைச் சுழற்றுவதற்கு அந்த நேரம் மட்டுமட்டாகத்தான் போதும். இருந்தும் நல்ல வீரர்கள் அடிக்கிறார்கள். எப்படி?

2000ஆம் ஆண்டில் மைக்கல் லாண்ட், பீற்றர் மக்லியொட் என்ற இரு ஆய்வாளர்கள் துடுப்பாட்ட வீரர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தார்கள். பந்து கையை விட்டதும் வீரரின் கண், பந்து நிலத்தில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி அங்கே காத்திருந்தது. திறமையான வீரரின் கண் அந்தத் தாவலை இன்னும் முந்திச் செய்தது. அவர்கள் பந்தைத் துரத்தவில்லை, அது வரப்போகும் இடத்தை அறிந்திருந்தார்கள். ஸ்பைடர்மேனின் எச்சரிக்கை உணர்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. அளவு மட்டும்தான் கதைக்கு ஏற்றபடி கூட்டப்பட்டிருக்கிறது.

துப்பாக்கிச் சன்னத்தை எடுத்துக்கொள்வோம். ஏகே-47 ரகத் துப்பாக்கியின் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 700 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. ஒலியின் வேகம் ஏறத்தாழ 340 மீற்றர். நூறு மீற்றர் தூரத்திலிருந்து சுட்டால் சன்னம் வந்து சேர்ந்த பிறகுதான் வெடிச்சத்தம் வரும். சத்தத்தைக் கேட்டு விலகுவது எவருக்கும் முடியாது. சன்னம் மிக அருகில் வந்தபின் 50 மில்லி செக்கனில் தலையை 20 சென்ரிமீற்றர் விலக்கவேண்டுமானால், புவியீர்ப்பைப் போல் பதினாறு மடங்கு ஆர்முடுகல் தேவை. சாதாரண கழுத்து அப்படி அசைய முடியாது. ஆனால் சுடுபவர் விசையை அழுத்துவதற்கு அரைச் செக்கன் முன்பே தெரிந்துவிட்டால், அதே 20 சென்ரிமீற்றரை யாரும் விலகிவிடலாம்.

போர்க்காலத்தில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மோட்டார் எறிகணை உயர்ந்து, வளைந்து, பல செக்கன்கள் கழித்தே வந்து விழும். ஆகவே அது குத்தும் சத்தம் அதற்கு முன்னரே காதுக்கு வந்துவிடும். அந்தச் சத்தத்தைப் பிரித்தறியத் தெரிந்த சிறு பிள்ளைகூடப் பதுங்குகுழிக்குள் பாய்ந்துவிடும். அவர்களைக் காப்பாற்றியது அந்த முன்னறிவிப்பு. சன்னம் அதைத் தருவதில்லை.

உணர்வு பொய்க்கும் இடங்கள்

சித்திரக்கதை எழுத்தாளர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. ஆகவே ஸ்பைடர்மேனை மடக்க விரும்பும்போதெல்லாம் அவனது தசைகளை விட்டுவிட்டு எச்சரிக்கை உணர்வையே தாக்கினார்கள். 1966இல் கிறீன் கொப்ளின் ஒரு வாயுவைக் கொண்டு அந்த உணர்வை மழுங்கடித்தான். 1988இல் வந்த வெனம் என்ற எதிரியை அந்த உணர்வு எதிரியாகவே காட்டுவதில்லை. வெனத்தின் ஒரு பாதியான வேற்றுக்கிரக உயிரி, முன்பு பீற்றரின் உடலோடு ஒட்டி வாழ்ந்தது என்பதே காரணம். 2011 கதைகளில் அவன் அந்த உணர்வை முழுமையாக இழக்கிறான். வலிமையும் வேகமும் அப்படியே இருக்கின்றன. இருந்தும் சண்டையிடத் தடுமாறுகிறான். ஷாங்-சி என்ற தற்காப்புக்கலை வீரரிடம் போய்ப் பயிற்சி பெறுகிறான்.

இந்த உணர்வின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். திடீர்ச் சத்தத்துக்கு இமை மூடுவதும் தோள் ஒடுங்குவதும் மூளைத்தண்டு வழியாக நடக்கும் பழைய தெறிவினை. நீண்ட காலம் ஆபத்துக்குள் வாழ்ந்தவர்களில் பலருக்கு அது கூர்மையாகிவிடுகிறது. ஆபத்து போன பின்னும் தணிவதில்லை. திருவிழா வெடிக்குத் திடுக்கிட்டு எழும்புவதை மனவடுவின் அறிகுறிகளில் ஒன்றாக மருத்துவர்கள் கணிக்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்வது பிழை. ஒரு காலத்தில் உயிரைக் காத்த எச்சரிக்கை அது.

பாலத்தின் கீழே நடந்தது

இனிப் பாலத்துக்குத் திரும்புவோம். மினசோட்டா பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ், 2005இல் வெளிவந்த தனது சூப்பர் ஹீரோக்களின் பௌதிகவியல் பற்றிய நூலில் குவெனின் மரணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். சாதாரண தர விஞ்ஞானம் படித்தவர்களும் அதைப் பின்தொடரலாம்.

குவென் ஏறத்தாழ 90 மீற்றர் விழுந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நாலு செக்கனுக்குச் சற்று மேல் ஆகும். வலை பிடிக்கும்போது அவளது வேகம் செக்கனுக்கு 42 மீற்றர், அதாவது மணிக்கு 150 கிலோமீற்றர். வலை அவளை அரைச் செக்கனில் நிறுத்தினால், அவளது எடையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு விசையை அது கொடுக்கவேண்டும். வலை இன்னும் விறைப்பாக இருந்து 0.1 செக்கனில் நிறுத்தியிருந்தால் நாற்பது மடங்குக்கும் மேல். பற்றப்பட்டவை கால்கள். தலையை நிறுத்தவேண்டிய முழுப் பொறுப்பும் கழுத்தின் மேல் விழுகிறது. ஓவியத்தில் அவளது கழுத்தருகே முறியும் ஓசையைக் குறிக்கும் ஒரு சிறு சொல் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் திடீர் அதிர்வே அவளைக் கொன்றது என்று பின்னர் வந்த ஓர் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் வெளியீட்டாளர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்பைடர்மேன் தினமும் அந்த வேகத்தில் பாய்ந்து, அந்த வேகத்திலேயே நிற்பவன். அவனது எலும்பும் தசைநாரும் அந்த அமர்முடுகலைத் தாங்கும். தன்னை நிறுத்துவதைப் போலவே அவளையும் நிறுத்தினான். அவளுடைய உடல் சாதாரண மனித உடல். போய்ச் சேர்வதற்குத் தேவையான வேகமும் நிறுத்துவதற்குத் தேவையான நிதானமும் வேறுவேறு என்பதை அந்த ஒரு கணம் காட்டிவிட்டது.

என்ன செய்திருக்கலாம்? உயரமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பார். நிறுத்தும் நேரம் கூடினால் விசை குறையும். காரில் உள்ள காற்றுப்பையும் இதே விதியில்தான் இயங்குகிறது. ஸ்பைடர்மேனும் அவளுக்குப் பின்னால் குதித்து, அவளோடு சேர்ந்து விழுந்து, அவளை அணைத்துக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறைத்திருக்கவேண்டும். 2014இல் வந்த படத்திலும் குவென் வலையில் பிடிபட்டே இறக்கிறாள். 2021இல் வந்த படத்தில் அதே அன்ட்ரூ கார்ஃபீல்ட் நடித்த ஸ்பைடர்மேன், விழும் இன்னொரு பெண்ணின் பின்னால் தானே குதிக்கிறான். கைகளால் அணைத்து, வலையைப் பிடித்துத் தரையிறங்குகிறான். இறங்கிய பின் அவன் கண் கலங்குவதன் காரணம் முந்தைய படத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஆனால் இந்த விடை கணக்குப் போட்ட பிறகு கிடைத்தது. பாலத்தின் மேல் அவனுக்கு இருந்தது நாலு செக்கன். காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியர் செய்த வேலையை அந்த நாலு செக்கனில் எந்த மூளையும் செய்யாது. குவெனின் மரணத்துக்காகப் பீற்றர் பிந்திய பல கதைகளிலும் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறான்.

இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால், கையை விடாமல் பிடித்திருந்தால் என்று இரவில் கணக்குப் போடுபவர்கள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருந்தது மனித நரம்பும் மனிதத் தசையும் மட்டுமே. கற்பனையில் எல்லா வேகமும் கொடுக்கப்பட்ட ஒருவனாலேயே அன்று முடியவில்லை. அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கணக்கை ஒருமுறை அவருக்குச் சொல்லிப் பாருங்கள்.