பிரேக் மிதி இறங்கும் விதத்தைப் பாருங்கள்

ஆண்டிமடத்தில் உள்ள என் பட்டறைக்கு மாருதி 800-ம் அம்பாசிடரும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. வண்டியை உள்ளே விட்டதும் பலர் கேட்பது இதுதான்: "அண்ணே, பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குது. மாஸ்டர் சிலிண்டர மாத்திடலாமா?"

மாற்றலாம். ஆனால் மிதி எப்படி இறங்குகிறது என்று பார்க்காமல் மாற்றினால் காசு போகும், பழுது அப்படியே இருக்கும்.

மிதியை அமுக்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் அமுங்காது என்பதால் காலின் அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் முழுசாகப் போய்ச் சேரும். காற்று அமுங்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், நீங்கள் மிதிக்கிற மிதியில் பாதி அந்தக் காற்றை நசுக்கவே சரியாகிவிடும்.

சோதிப்பதற்கு வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். மிதிக்க மிதிக்க மேலேறி, ஆனாலும் துள்ளலாகவே இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. மேலேறியபின் கல்லாக இறுகிவிட்டால் பின் டிரம்மில் ஷூ தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள். மிதி முன்னைவிட உயரத்தில் நின்றால் பின் ஷூவை அட்ஜஸ்ட் செய்தாலே போதும்.

அடுத்து, மிதியை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் ஆயில் எங்கோ நழுவுகிறது. சக்கரத்தின் உள்பக்கம், ரப்பர் ஹோஸ், மிதியின் தண்டு மாஸ்டர் சிலிண்டரில் நுழையும் இடம், எங்கேயும் ஈரமில்லை, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டமும் குறையவில்லை என்றால், அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே இருக்கும் ரப்பர் மீது சந்தேகப்பட வேண்டும். பூஸ்டர் உள்ள வண்டியில் மிதியை அழுத்தியபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் மிதி கொஞ்சம் இறங்கும். அது பழுதில்லை, பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிரேக் ஆயில் பெட்ரோல்போல் செலவாகும் பொருள் அல்ல. பேட் தேயத் தேய மட்டம் சிறிது இறங்கும். அதற்குமேல் குறைந்தால் கசிவுதான். ஊற்றி ஊற்றி ஓட்டுவது ஆபத்து. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுவது அதைவிட மோசம். ரப்பர் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும்.

இன்னொரு வகைப் பழுது பட்டறையில் பிடிபடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மிதி தளர்ந்துபோகும். ஊருக்கு வந்து ஆறினால் சரியாகிவிடும். காரணம் தண்ணீர். டாட் 3 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த அளவு 140 டிகிரிதான். பிரேக்கின் சூட்டில் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுசாக மாற்றுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள்.

குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். முந்திரித் தோப்புக்குப் போய்வர மட்டும் எடுக்கிற வண்டிகளில், பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு படிந்திருக்கும். மிதியைத் தரைவரை அழுத்தினால் ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். நல்ல சிலிண்டரும் அன்றோடு போய்விடும். அதனால் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் நான் ஏர் எடுப்பேன். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின்சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துச் சக்கரத்தில் முடிப்பேன். சக்கரத்தில் இருக்கும் நிப்பிள் வழியாக வெளியே வந்த ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றவே மாட்டேன்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மிதி வழக்கத்தைவிட ஒரு விரல் கீழே இறங்கினாலும், பட்டறைவரைதானே என்று நினைத்து, சிமென்ட் லாரிகள் ஓடும் ஜெயங்கொண்டம் சாலையில் வண்டியை எடுக்காதீர்கள். வண்டி நிற்கும் இடத்துக்கே மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.