பேட்டு உடையல, பிரிஞ்சுச்சு: மரம் பார்த்து மட்டை வாங்குவது எப்படி?

வழக்கமா சர்வர், ஆப், டேட்டான்னு பேசுற இடத்துல இன்னைக்கு ஒரு கட்டையைப் பற்றிப் பேசப் போறேன். கிரிக்கெட் பேட். காரணம், என் சித்தி பையன்.

பிசான அறுப்பு முடிஞ்சு வயல் காய்ஞ்சதும் அம்பாசமுத்திரத்துல பசங்க டோர்னமென்ட் ஆரம்பிச்சிருவாங்க. இந்த வருஷம் செமி ஃபைனல், ஆத்துக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி டீமோட. கடைசி ரெண்டு ஓவர் இருக்கும்போது ஒரு யார்க்கர். பந்து டென்னிஸ் பந்துதான், கொஞ்சம் கனமான ரகம். பேட் தோள்பட்டைப் பக்கத்துல இருந்து குறுக்கா கிழிஞ்சு, ஹேண்டில் இவன் கையில, பிளேடு பாயின்ட்ல நிக்கிறவன் காலடியில. மாத்து பேட் லேசானது, சின்னது. மேட்ச் போச்சு.

அந்த பேட் பதினோரு பேர் காசு போட்டு வாங்கினது. சென்னையில கடைக்குப் போய் தேர்ந்தெடுத்தது நான். "எட்ஜ் எவ்வளவு தடிமன் பாரு, ஆனா வெயிட்டே இல்ல"ன்னு பெருமையா வீடியோ வேற அனுப்பினேன். ரெண்டே மாசம். அவன் போன் பண்ணி, "அண்ணே, பேட்டு போச்சு"ன்னு மட்டும் சொன்னான். திட்டியிருந்தா பரவாயில்ல.

லீவுக்குப் போனப்போ ரெண்டு துண்டையும் எடுத்துக்கிட்டு தெருக்கோடியில கடைசல் பிடிக்கிற அண்ணாச்சிகிட்ட போனோம். அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமானுக்குப் பேர் போன ஊர். மஞ்சள் கடம்பு மாதிரி மரத்தைக் கடைஞ்சு, அரக்குச் சாயம் ஏத்தி, குட்டி அடுப்பு, பானை, ஆட்டுக்கல்லுன்னு செய்வாங்க. அண்ணாச்சி உடைஞ்ச இடத்தை விரலால தடவிப் பார்த்தார். "இது உடையல தம்பி, பிரிஞ்சிருக்கு. மரம் ஒரு பக்கம் ஓடுது, செதுக்கினவன் ஒரு பக்கம் ஓடியிருக்கான்."

இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு வரிதான். விறகு பிளந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். கட்டையை நெட்டுக்கு நிறுத்தி கோடாலி போட்டா ஒரே போடு. குறுக்கா வெட்டணும்னா இருபது போடு. மரம்ங்கிறது நெடுக ஓடுற நார்களோட கட்டு. நாரை அறுக்க ரொம்ப பலம் வேணும், நாருக்கும் நாருக்கும் நடுவுல பிரிக்க கொஞ்சம் போதும். பேட்டோட நீளத்துக்கு இணையா நார் ஓடினா, அடி விழும்போது நாரே அறுந்தாதான் பேட் உடையும். நார் சாய்வா ஓடி பக்கவாட்டுல வெளிய வந்துச்சுன்னா, விரிசல் அந்தச் சாய்வைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே வெளிய வந்துரும். எங்க பேட் கிழிஞ்ச கோடும் மரத்தோட ரேகையும் ஒண்ணு மேல ஒண்ணு அச்சா பொருந்துச்சு. கடையில அந்த ரேகை என் கண்ணுல படவே இல்ல. மேல பளபளன்னு ஃபைபர் ஷீட்டும் ஸ்டிக்கரும்.

இதே பிரச்சினை அமெரிக்காவுல பேஸ்பாலுக்கு பெரிய அளவுல வந்துச்சு. அங்க காலங்காலமா வெள்ளை ஆஷ் மரத்துல மட்டை செஞ்சாங்க. 2001ல பேரி பாண்ட்ஸ் மேப்பிள் மட்டையால ஒரே சீசன்ல 73 ஹோம் ரன் அடிச்சார். எல்லாரும் மேப்பிளுக்குத் தாவினாங்க. ஆஷ் அடிபட அடிபட தகடு தகடா உரியும், அதனால கெட்டுப்போறது முன்கூட்டியே தெரியும். மேப்பிள் உரியாது. ஆனா உடைஞ்சா ரெண்டா மூணா பிரிஞ்சு, கூர்முனையோட பறக்கும். 2008ல மூணு மாசத்துல உடைஞ்ச 2,232 மட்டைகளைச் சேகரிச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. அமெரிக்க வனத்துறையோட மர ஆய்வுக்கூடமும் அதுல இருந்துச்சு. துண்டு துண்டா போனது 756. முக்கியக் குற்றவாளி, நார்ச் சாய்வு.

தீர்வு ரொம்ப எளிமை. மேப்பிள்ல ரேகையை வெறும் கண்ணால பார்த்துச் சாய்வைச் சொல்றது கஷ்டம். அதனால ஹேண்டில்ல ஒரு சொட்டு மை வைக்கச் சொன்னாங்க. மை நார் ஓடுற திசையில கசிஞ்சு ஒரு சின்னக் கோடாகும். அந்தக் கோடு நேர்ல இருந்து 3 டிகிரிக்கு மேல சாய்ஞ்சிருந்தா மட்டை தள்ளுபடி. எடை குறைவான, அடர்த்தி கம்மியான மேப்பிளுக்கும் தடை. அடுத்த சில வருஷத்துல பிரிஞ்சு பறக்குற மட்டைகள் பாதிக்கும் மேல குறைஞ்சது. ஒரு சொட்டு மையில இவ்வளவு நல்ல யூனிட் டெஸ்ட் எழுதலாம்னு எனக்குப் பொறாமையே வந்துச்சு.

சரி, நம்ம பேட்டுக்கு வருவோம். கிரிக்கெட் பேட் வில்லோ மரம். டென்னிஸ் பந்துக்கு காஷ்மீர் வில்லோ போதும். இங்கிலீஷ் வில்லோவும் மென்மையும் வேகமும் உள்ளதுதான், ஆனா விலை பல மடங்கு, கவனிப்பும் அதிகம் கேட்கும். காஷ்மீர் வில்லோ கொஞ்சம் பழுப்பா, கனமா, கெட்டியா இருக்கும். மட்டம்னு நினைச்சுராதீங்க, 2021 டி20 உலகக் கோப்பையில ஓமன் வீரர்கள் அதை வச்சு ஆடினாங்க. ரொம்ப மலிவா வர்றது பெரும்பாலும் பாப்லர். அது வேற மரம்.

கடையில முதல் வேலை, முகம் மூடாத பேட்டைக் கேளுங்க. ஷீட் ஒட்டின பேட்ல கணு, சாய்வு எல்லாம் அடியில ஒளிஞ்சிருக்கும். முகத்துல ரேகைகள் ஹேண்டில்ல இருந்து அடி வரைக்கும் நேரா இறங்கணும். நடுவழியில எட்ஜ் பக்கம் விலகி வெளிய போற ரேகை இருந்தா கீழ வச்சிருங்க. அப்புறம் பேட்டைப் பக்கவாட்டுல திருப்புங்க. இதைத்தான் யாரும் செய்யறதில்ல. அங்க சின்னச் சின்ன மெல்லிய கோடுகள் தெரியும். அதுவும் நீளவாக்குல போகணும், முன்னால இருந்து பின்னால சாயக் கூடாது.

எத்தனை ரேகை வேணும்னு பெரிய விவாதம் உண்டு. நெருக்கமா நிறைய ரேகை இருந்தா மரம் மெதுவா வளர்ந்ததுன்னு அர்த்தம். பந்து சீக்கிரம் பாயும், ஆயுசு குறையும். ஆறு, ஏழு அகல ரேகை உள்ளது பழக்க நாள் எடுக்கும், ஆனா உழைக்கும். பதினோரு பேர் காசுன்னா ரெண்டாவதுதான்.

தடி எட்ஜ், எடை இல்லாத பேட், இந்த ஜோடியைச் சந்தேகப்படுங்க. பின்பக்கம் குடைஞ்சிருப்பாங்க, இல்லன்னா மரத்தை அளவுக்கு மேல உலர்த்தியிருப்பாங்க. நான் ஏமாந்த இடம் இதுதான். கடைசியா ஹேண்டில். அது பிரம்பு, பிளேடுக்குள்ள 'வி' வடிவத்துல இறங்கி பசையால ஒட்டியிருக்கும். ரெண்டு முனையையும் பிடிச்சு மெதுவா முறுக்குங்க. கிறீச்னு சத்தம் வந்தா நன்றி சொல்லிட்டுத் திரும்பிடுங்க.

வாங்கின பிறகு ஊர்ல எல்லாரும் பண்றது தேங்காய் எண்ணெய் தடவுறது. தேங்காய் எண்ணெய் காயாது, மரத்துல ஊறி பிசுபிசுன்னு நிக்கும். ஆளி விதை எண்ணெய் காத்து பட்டா மெல்லிய படலமா இறுகும். முகத்திலயும் எட்ஜிலயும் லேசா, ஹேண்டில் இறங்குற இடத்துல வேண்டாம். ஈர வயல்ல அடியை ஊன்றி நின்னா தண்ணி ஏறி ஊதும், மொட்டை மாடி வெயில்ல கிடந்தா காய்ஞ்சு வெடிக்கும். கார்க் பந்தை இந்த பேட்டால அடிக்கவே கூடாது. இதைச் சொன்னப்போ தம்பி வேற எங்கயோ பார்த்தான்.

புது பேட் வாங்க அவனைக் கூட்டிக்கிட்டு திருநெல்வேலி போனேன். பதினாலு பேட்டை எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்ததுல கடைக்காரருக்குப் பொறுமை போயிருச்சு. "மாப்பிள்ளையா பாக்க வந்திருக்கீங்க?"ன்னார். பதினோராவது பேட்ல ஆறு ரேகை, நூல் பிடிச்ச மாதிரி நேர். ஒரு எட்ஜுல சின்னக் கணு, அது பரவாயில்ல. முந்தினதைவிட விலை குறைவு, கனம் கொஞ்சம் அதிகம். தம்பிக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு, ஏன்னா பார்க்க வெறும் கட்டை மாதிரி இருக்கு.

பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் கேட்டான், "அண்ணே, ஸ்டிக்கராவது ஒட்டிக்கலாமா?"

பின்பக்கம் மட்டும் ஒட்டுன்னு சொன்னேன்.