பிபிசி மைக்ரோ இரண்டாம் செயலியும் நினைவகப் பொருத்தமும்

பிபிசி மைக்ரோ இரண்டாம் செயலி என்பது ஏக்கான் நிறுவனம் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட பிபிசி மைக்ரோ கணினியின் வேகத்தையும் நினைவகத்தையும் கூட்டும் இணைப்புக் கருவியாகும். இது கணினியின் அடிப்புறத்தில் உள்ள டியூப் எனப்படும் இணைப்பியில் பொருத்தப்படுகிறது. இக்கருவியுடன் பழைய நிரல்கள் இயங்காமல் போவதற்கு நினைவகப் பழுதைவிட முகவரி வேறுபாடே பெரும்பாலும் காரணமாகும்.

இந்தியாவில்

1984-85இல் இந்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இக்கணினியை யூனிகார்ன் என்ற பெயரில் தயாரித்தது.

நினைவக அமைப்பு

பிபிசி மைக்ரோ பி வகையில் 2 மெகாஹெர்ட்சு வேகமுள்ள 6502 செயலியும் 32 கிலோபைட்டு நினைவகமும் உள்ளன. உயர்நிலைத் திரை முறைகள் மட்டுமே 20 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். வட்டு இயக்கி உள்ள கணினியில் நிரலுக்கான இடம் பதினறும எண்முறையில் &1900இல் தொடங்கி &3000இல் முடிவதால் 5.75 கிலோபைட்டே எஞ்சும்.

1984இல் வெளிவந்த 6502 இரண்டாம் செயலி 3 மெகாஹெர்ட்சு வேகமும் தனக்கென 64 கிலோபைட்டு நினைவகமும் உடையது. நிரல் இங்கு இயங்கும். திரை, விசைப்பலகை, வட்டு ஆகியவற்றை முதன்மைக் கணினி கவனிக்கும். எத்திரை முறையிலும் பேசிக் நிரலுக்கு &800 முதல் &8000 வரை 30 கிலோபைட்டு கிடைக்கும். உடன் வழங்கப்பட்ட ஹைபேசிக் மொழியில் இது 44 கிலோபைட்டாகும்.

சிக்கல்களும் தீர்வுகளும்

இரு செயலிகளின் நினைவகங்களும் தனித்தனியானவை. வினாக்குறிக் கட்டளையால் திரை நினைவகத்தில் நேரடியாக எழுதும் நிரல், இரண்டாம் செயலியின் சொந்த நினைவகத்திலேயே எழுதும். எனவே திரையில் எதுவும் தோன்றாது. இதற்கு மாற்றாக ஓஎஸ்வேர்டு 5, 6 அழைப்புகள் முதன்மைக் கணினியின் நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் உதவும். உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லுகளுக்கு ஓஎஸ்பைட் 150, 151 அழைப்புகள் உள்ளன. வட்டிலிருந்து படத்தைத் திரையில் ஏற்றும்போது முகவரியின் முன் நான்கு எஃப் எழுத்துகளைச் சேர்க்க வேண்டும்.

பழுதை இனங்காண, இரண்டாம் செயலியின் மின்சாரத்தை நிறுத்தி, கண்ட்ரோல், பிரேக் விசைகளை ஒருசேர அழுத்தி, நிரலை மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். அப்போது இயங்கினால் குறை நிரலின் முகவரிகளில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. அந்நிலையில் கிடைத்தற்கரிய நினைவகச் சில்லுகளைக் கழற்றுவது தேவையற்ற சேதத்தையே விளைவிக்கும்.

தொடக்கத்தில் 'ஏக்கான் டியூப் 6502 64கே' என்ற செய்தி தோன்றாவிடில் இரண்டாம் செயலி கண்டறியப்படவில்லை என்று பொருள். இரண்டாம் செயலியை முதலில் இயக்கிய பின்னரே கணினியை இயக்க வேண்டும். டிஎன்எஃப்எஸ் சில்லு பொருத்தப்பட்டுள்ளதா என்பதையும், 40 கம்பி நாடா வடத்தின் இணைப்பையும் பார்க்க வேண்டும். காரைக்கால், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இணைப்பு முனைகள் எளிதில் அரிக்கப்படும் என்பதால் அவற்றைத் தூய்மை செய்த பின்னரே பிற சோதனைகளைத் தொடங்குவது நல்லது.

முக்கியத்துவம்

1985 ஏப்ரல் 26 அன்று முதன்முதலாக இயங்கிய ஆர்ம் செயலியும் பிபிசி மைக்ரோவின் இரண்டாம் செயலியாகவே இணைக்கப்பட்டது. இன்றைய திறன்பேசிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்த செயலிகளைக் கொண்டவையாகும்.