பாரிமுனை: சுற்றிப் பார்க்க நூறு இடம், ஒதுங்க ஓர் இடம்?

பாரிமுனையில் மனிதர்கள் நடக்க முடிகிற நாள் ஞாயிறு. மற்ற நாளில் தம்புச் செட்டித் தெருவில் நின்று ஒரு பழைய கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால், பின்னால் வரும் மீன்பாடி வண்டி இடுப்பில் இடித்துவிடும். ஞாயிறன்று பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும். மேல் மாடியின் மரச் சன்னல்களும் தூண்களும் அன்றைக்குத்தான் கண்ணில் படும். ‘குடும்பத்தோடு ஒரு நாள் சென்னை’ என்று பத்திரிகையில் தலைப்பு கொடுத்தார்கள். மெரினாவையும் மால்களையும் தள்ளிவைத்துவிட்டு, மாமியார், கணவர், ஏழாவது படிக்கும் மகளோடு பாரிமுனை இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குப் போனேன்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கைமாறிய கதை எல்லோரும் பள்ளியில் படித்ததுதான், விட்டுவிடலாம். பிள்ளைகளுக்குப் பிடிப்பது கலங்கரை விளக்கத்தின் கதை. இன்று மெரினாவில் நிற்பது 1977-ல் வந்தது. அதற்கு முன் விளக்கு எரிந்த மூன்று இடங்களும் நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கின்றன. முதலாவது, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடி. 1796-ல் அங்கே விளக்கேற்றினார்கள். 1844-ல் அது இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூணுக்குப் போனது. 1892-ல் நீதிமன்றம் எழும்ப, அதன் கோபுரம் தூணைவிட உயரமாகிவிட்டது. 1894-ல் விளக்கு அங்கே ஏறியது. பகலில் கீழே வழக்கு, இரவில் மேலே விளக்கு! “ஜட்ஜுக்குத் தெரியுமாம்மா, தலைக்கு மேல லைட் ஹவுஸ் இருக்குன்னு?” என்று கேட்டாள் மகள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதற்கான நினைவுக் கல்லும் நீதிமன்ற மதிலில்தான் இருக்கிறது.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-ல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றித் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். “அய்யய்யோ, சமாதி மேலயா நடக்கிறோம்?” என்று மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டார். கற்கள் மட்டும்தான் அங்கே, புதைந்தவர்கள் வேறிடத்தில். பழைய இடுகாடு, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளையே மறைப்பாக வைத்துக்கொண்டு சுட்டது. இன்னொரு முறை அந்த வசதி எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். இதைச் சொன்ன பிறகும் அவர் செருப்புப் போடவில்லை.

ஆர்மீனியன் தெருவில் 1772-ல் கட்டிய தேவாலயத்தின் முற்றத்தில் வெயில்கூடக் குறைவாகத் தெரிந்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய ஷ்மாவோனியன் புதைக்கப்பட்டது இந்த முற்றத்தில். பத்திரிகைக்காரி என்ற முறையில் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றேன்.

அங்கேதான் கவனித்தேன். காலையில் நிரப்பி வந்த பாட்டில் அப்படியே இருந்தது. “அத்தை, ரெண்டு வாய் தண்ணி குடிங்க.” “வேணாம்மா. குடிச்சா அப்புறம் எங்க போறது?”

அதற்குப் பிறகு கட்டடங்கள் என் கண்ணில் படவில்லை. காளிகாம்பாள் கோயிலில் 1677-ல் சிவாஜி வந்து கும்பிட்டதாகச் சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்ததோ பூக்காரம்மாவிடம் கழிப்பறைக்கு வழி. அவர் கைகாட்டியது பூட்டிக் கிடந்தது. “நாங்களே வீட்டுக்குப் போய்த்தான் போவோம்” என்றார். விடிகாலையில் வந்து உட்காருகிறவர் அவர். கடைசியில் மண்ணடி மெட்ரோ நிலையம்தான் கைகொடுத்தது. அன்றைய மீதி வழியை வரலாறு தீர்மானிக்கவில்லை, மெட்ரோ நிலையம்தான் தீர்மானித்தது.

சாப்பாட்டிலும் இதே கதை. சௌகார்பேட்டை மின்ட் தெருவில் முறுக்கு சாண்ட்விச் கேட்டாள் மகள். இரண்டு முறுக்குக்கு நடுவே பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி. கடித்தால் பாதி சட்டையில். கச்சோரி வந்தது, நெய் சொட்டும் ஜிலேபி வந்தது. லஸ்ஸி வந்தபோது மாமியாரும் நானும் ஒரே டம்ளரைப் பாதியாக்கிக்கொண்டோம். கணவர் மட்டும் தனியாக ஒன்றைக் குடித்து முடித்தார். அவருக்கு என்ன, தெருமுனை இருக்கிறது! உட்கார்ந்து சாப்பிட்ட ஓர் உணவகத்தில் கேட்டபோது, “லேடீஸுக்கு இல்லீங்க” என்று பதில் வந்தது.

பர்மாவில் 1962 ராணுவ ஆட்சிக்குப் பின் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அத்தோ. அவர்களுக்காக 1969-ல் உருவானது பர்மா பஜார். அதன் பின்புறம் செகண்ட் லைன் பீச்சில் மாலையானால் தள்ளுவண்டிகள். நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், நொறுக்கிய மொறுமொறு பேஜோ எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். கண்ணில் நீர் வரும் காரம். சென்னையில் ஒரே ஒரு தெருச் சாப்பாட்டைத்தான் சிபாரிசு செய்யலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த சூப்பைக்கூட மாமியார் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். ஒரு மனுஷி நாள் முழுக்க வெயிலில் நடந்துவிட்டு சூப்புக்குப் பயப்படுகிறார்.

ஒண்டுக் குடித்தனமாக நெருங்கிக் கிடக்கும் தெருவில் கழிப்பறைக்கு இடம் ஏது என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பைக் நிறுத்த இடம் கிடைக்கிறதே.

ஜார்ஜ் டவுனில் பாரம்பரிய நடை அழைத்துச் செல்கிறவர்களுக்கும், ‘எங்கே என்ன சாப்பிடலாம்’ என்று வீடியோ போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலையும் ஜிலேபிக் கடையையும் குறிக்கிற வரைபடத்தில், பெண்கள் போகக்கூடிய கழிப்பறை எங்கே, அது ஞாயிறன்று திறந்திருக்குமா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.