நுளம்பின் வயது

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்து மூத்தாப்பாமாரிடம் மலேரியாவைப் பற்றிக் கேட்டால் முதலில் மலத்தியன் நாற்றத்தைத்தான் சொல்வார்கள். டிடிடிக்கு நுளம்பு அசையாமற்போக, 1970களின் நடுப்பகுதியில் வந்த மருந்து அது. வட்டையில் வாடி போட்டுக் காவல் கிடந்தவர்கள் நடுக்கத்தோடு ஊருக்கு வருவார்கள். விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள், குளோரோகுயின் குளிசை வாயெல்லாம் கசக்கும். இன்று அதே தெருவில் நுளம்பு என்றாலே டெங்குதான். உள்நாட்டிலேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம், இலங்கை மலேரியா அற்ற நாடு என்று சான்றும் தந்துவிட்டது.

அன்று நுளம்பு பிடிப்பது இரவு வேலை. வலைக்குள் மாட்டைக் கட்டிவைத்து, வலையில் ஒதுங்கும் நுளம்புகளை உறிஞ்சு குழாயால் எடுப்பார்கள். பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து நின்றால் அனோபிலிஸ். சிறகுப் புள்ளியையும் வாயருகே உள்ள வெள்ளை வளையங்களையும் பார்த்து இனம் பிரிப்பார்கள். வற்றும் ஆற்றுக் குழிகளில் பெருகும் கியூலிசிஃபேசிஸ்தான் முதல் எதிரி. 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன கொள்ளைநோயைப் பரப்பியதும் அதுவே.

ஆனால் இனம் தெரிந்தால் மட்டும் போதாது. உறிஞ்சிய கிருமி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட நமது வெக்கையிலும் பத்து நாளளவு பிடிக்கும். அதற்குள் செத்த நுளம்பால் யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஆகவே எத்தனை கிழவிகள் என்றுதான் எண்ண வேண்டும். வயிற்றைப் பிரித்துச் சூலகத்தை எடுத்து, உலரவிட்டு நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். முட்டையிடாதவளுக்கு மூச்சுக்குழல் நுனிகள் நூற்பந்துபோலச் சுருண்டிருக்கும். ஒருமுறை இட்டுவிட்டால் சுருள் அவிழ்ந்துவிடும், மறுபடி சுருளாது. சோவியத் ஆய்வாளர் டெட்டினோவாவின் முறை இது. 1962இல் உலக சுகாதார நிறுவனமே நூலாக வெளியிட்டது. சுவருக்கு மருந்தடித்ததன் சூட்சுமமும் இங்கேதான்: எல்லா நுளம்பும் சாகத் தேவையில்லை, கிழவியாகாமல் தடுத்தாலே போதும்.

இனம் பிரிப்பது இப்போது கண்ணை நம்பிய வேலை அல்ல. கியூலிசிஃபேசிஸ் என்ற ஒரே உருவத்துக்குள் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஐந்து இனங்கள். இலங்கையில் ‘பி’ மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். நோய் பரப்பும் ‘ஈ’யும் இங்கே உண்டென்று ஆண் நுளம்பின் நிறமூர்த்தம் காட்டிக்கொடுத்தது. கரையோர உவர்நீரில் சப்பிக்டஸ் என்று பெயரிட்டு வைத்திருந்ததில் ஒரு பகுதி, மரபணுவைப் பார்த்தபோது சுண்டைகஸ் வகையாக இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரனுக்கு இவ்விரண்டிலும் பெரும் பங்குண்டு.

பிறகு 2016 டிசம்பரில், சான்று வந்து மூன்று மாதமளவில், மன்னார்க் கிணறுகளில் ஸ்டெபன்சி அகப்பட்டது. இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பு. அதற்கு ஆறும் வேண்டாம், வயலும் வேண்டாம். வளவுக் கிணறும் கூரைமேல் தண்ணீர்த் தாங்கியும் போதும். வீட்டோடு வீடு ஒட்டிய நம் கரையூர்களில் இரண்டுக்கும் குறைவில்லை. மாட்டடியில் தேடிய கண் இனி மொட்டைமாடிக்கு ஏற வேண்டும்.

வயதைச் சொல்ல அகச்சிவப்பு ஒளியை வைத்து ஆபிரிக்காவில் முயன்று பார்க்கிறார்கள். அது இன்னும் ஆய்வுகூடத்து வித்தைதான். நமக்கு அவசரம் வேறு. இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை. காய்ச்சலோடு வருபவரிடம் டெங்குப் பரிசோதனைக்கு முன்னே, எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்று கேட்டாக வேண்டும்.