ரப்பர் செடியில் பூச்சியா? ஸ்பிரே டப்பாவைக் கீழே வையுங்கள்!

"டாக்டர், ஒரு வாரமா பையனுக்கு ராத்திரி ஒரே இருமல். ஹால்ல படுத்தா இன்னும் அதிகமாயிடுது" என்றார், எட்டு வயது மகனை அழைத்து வந்த ஒரு தாய். பையனுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. சாப்பாட்டில் மாற்றமில்லை, வீட்டில் பெயிண்டும் அடிக்கவில்லை. துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஹாலில் வைத்திருந்த ரப்பர் செடியில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி. கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தினமும் ராத்திரி அதன்மேல் அடித்திருக்கிறார்! ஜன்னலெல்லாம் மூடியிருக்க, பையனுக்குப் பக்கத்திலேயே தூக்கம்.

"ஸ்பிரேயை நிறுத்துங்க. செடியை பால்கனி நிழலுக்கு மாத்துங்க. இழுப்புக்குக் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன். பத்து நாளில் இருமல் தணிந்தது. சரி, செடிக்கு என்ன வைத்தியம்?

ரப்பர் செடி, 'ஃபைகஸ்' என்று நர்சரியில் விற்கும் செடி, தொட்டியில் வளரும் குட்டி ஆலமரம் எல்லாமே அத்தி, அரசு வகையறாதான். (டயருக்குப் பால் எடுக்கும் ரப்பர் மரம் வேறு!) இலையைக் கிள்ளினால் பால் வடியும்.

யார் எதிரி?

பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் மாவுப்பூச்சி. காம்பிலும் நரம்பிலும் பழுப்பு நிறப் பொட்டுகள் நகராமல் ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. இலையில் மெல்லிய வலையும் ஊசி குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகளும் இருந்தால் சிலந்திப்பேன். வறண்ட காற்று இதற்குக் கொண்டாட்டம், ஏ.சி. அறைச் செடிகளில் கவனம் தேவை. இலை இரண்டாக மடிந்து, உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் நெளிந்தால் இலைப்பேன்.

செடியைச் சுற்றித் தரை பிசுபிசுக்கிறதா? எறும்பு ஏறுகிறதா? மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் சாற்றை உறிஞ்சி, இனிப்பு நீராக வெளியேற்றுகின்றன. எறும்பு அதற்குத்தான் வருகிறது.

இப்போது வைத்தியம்

முதல் மருந்து தண்ணீர். தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, பாத்ரூமில் வைத்து, இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி கழுவுங்கள். சிலந்திப்பேன் பெருமளவு இதிலேயே போய்விடும். மடிந்த இலைகளைக் கிள்ளி, பையில் கட்டி வெளியே போடுங்கள்.

மாவுப்பூச்சியைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். அதன் மெழுகுப் போர்வை கரைந்து பூச்சி சாகும். அடுப்பு, விளக்குப் பக்கம் இதைச் செய்யாதீர்கள். செதில் பூச்சியைப் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து அகற்றலாம்.

மிச்சத்துக்கு நம் வேம்பு. ஒரு டீஸ்பூன் (5 மில்லி) வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசலைக் குழைத்து, 1 லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் மிதக்கும். முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து, இரண்டு நாள் பாருங்கள். கருகாவிட்டால், வெயில் தாழ்ந்த பிறகு, வெளியே வைத்துத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். ஒரே நாளில் பலன் தெரியாது. வேம்பு பூச்சியின் தீனியையும் வளர்ச்சியையும் தடுத்துத்தான் வேலை செய்யும். முட்டையிலிருந்து புதிதாக வருவதற்காகத்தான் மறுபடி மறுபடி தெளிக்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் வேண்டாம்!

புகையிலைக் கஷாயம் தெளிக்கச் சொல்வார்கள். அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். மிளகாய்க் கரைசலின் நெடி இழுப்புக்காரர்களுக்கு ஆகாது. செடியின் பால் கண்ணில் படக் கூடாது. தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஃபைகஸ் இலைத் தூசியே சிலருக்குத் தும்மலும் இழுப்பும் தரும். அப்படியானால் செடி வெளியிலேயே இருக்கட்டும்.

இடம் மாற்றினால் இந்தச் செடிகள் சில இலைகளை உதிர்க்கும். 'பூச்சி திரும்பிடுச்சு' என்று பயந்து மறுபடி மருந்தடிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 'வேப்பெண்ணெய்தானே' என்று பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சின்னக் குழந்தை கொஞ்சம் குடித்தாலும் வாந்தி, வலிப்பு வரை போகும். செடிக்கு மருந்து என்பதற்காகக் குழந்தைக்கும் அது மருந்தாகிவிடாது.